சன்னலோரப் புகையும் சட்டத்தின் எல்லையும்

நம்பிக்கை: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டின் சன்னலருகே நின்று புகைப்பது குற்றம்.

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய, சுருக்கமாக ‘வீவக’ எனப்படும் அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்வதாலும், அந்நாட்டின் அபராதங்கள் உலகறிந்தவை என்பதாலும் இந்நம்பிக்கை எளிதில் பரவியிருக்கிறது. சட்டமோ அவ்வளவு தூரம் செல்வதில்லை. 2013 ஜனவரி 15 முதல் குடியிருப்புக் கட்டடங்களின் பொதுப் பகுதிகள், அதாவது வீட்டு வாசல்களை ஒட்டிய நடைபாதை, படிக்கட்டு, மின்தூக்கிக் கூடம், தூண்களுக்கிடையே திறந்தவெளியாக விடப்படும் கீழ்த்தளம் ஆகியவை, புகைத்தடை இடங்களாயின. அங்குப் பிடிபடுவோருக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் 200 வெள்ளி அபராதம் விதிக்கலாம், வழக்கு நீதிமன்றம் சென்றால் அத்தொகை 1,000 வெள்ளிவரை உயரலாம். வீட்டுக் கதவுக்கு உட்புறமோ, சன்னலும் மாடமும் உட்பட, இத்தடைக்கு வெளியே நிற்கிறது. அவ்விரு இடங்களிலும் தடை வேண்டும் என்று 2020 அக்டோபரில் அப்போதைய உறுப்பினர் லூயிஸ் இங் நாடாளுமன்றத்தில் வாதிட்டபோது, அரசின் சார்பில் பதிலளித்த ஏமி கோர், அத்தகைய சட்டம் வீட்டின் அந்தரங்கத்தில் அளவுமீறித் தலையிடுவதாகும் என்ற கருத்தை முன்வைத்தார். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் காற்றோட்டமுள்ள நடைபாதையில் புகைப்பவர் தண்டம் கட்ட, மேல்வீட்டுத் தொட்டிலுக்கு நேர்கீழே சன்னலில் புகைவிடுபவர் எதுவும் கட்டாமலிருப்பதைப் பார்க்கையில், எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் புகையின் வழியைவிட அதிகாரியின் வழியையே மிகுதியாகக் கருதியிருக்கிறார்கள் என்று கொள்ள இடமிருக்கிறது.

நம்பிக்கை: சன்னலைத் திறந்து மின்விசிறியையோ காற்றுத் தூய்மிப்பியையோ இயக்கினால் போதும்.

புகைக்காதவர் சுவாசிக்க நேரும், பிறர் விட்ட புகையும் எரியும் சிகரெட்டின் முனையிலிருந்து எழும் புகையுமே ‘இரண்டாம்நிலைப் புகை’ எனப்படுகிறது. அதற்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்றும், காற்றோட்டம், காற்றுச் சுத்திகரிப்பு, புகைப்போரைத் தனியே பிரித்தல் ஆகியவற்றால் கட்டடத்துக்குள் அதனை முழுதும் நீக்க இயலாது என்றும் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை தெளிவுபடுத்தியது. திறந்த சன்னல் ஒரு வீட்டின் புகையைக் குறைக்கும்போதே அதை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. சன்னல்களை அடைத்த கட்டடங்களிலும் குழாய்களைச் சுற்றிய இடைவெளி, மின்செருகுவாயின் பின்புறத் துளை, கதவடி ஆகியவற்றின் வழியே புகை கசிகிறது.

நம்பிக்கை: சட்டம் தடுக்காத புகையை அண்டை வீட்டார் சகித்துக்கொள்ளவே வேண்டும்.

குற்றவியல் தடை இல்லை என்பதற்காக உரிமையியல் வழி அடைபட்டுவிடுவதில்லை. சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு சமூகப் பூசல் தீர்வுச் சட்டம், அண்டை வீட்டாரின் வாழ்விட நிம்மதியைக் குலைக்கும் செயல்களில் இரைச்சலோடு மிகையான புகையையும் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றம் அச்செயலை நிறுத்த ஆணையிடவும் 20,000 வெள்ளிவரை இழப்பீடு வழங்கவும் முடியும். இன்ன வீட்டிலிருந்தே புகை வருகிறது என்று மெய்ப்பிப்பது கடினம் என்பதால், மத்தியஸ்தத்தின் மூலம் பேசித் தீர்ப்பதே பலருக்கும் நடைமுறையில் உகந்தது.

நம்பிக்கை: வீட்டுக்குள் புகைப்பதை எந்த அரசும் கட்டுப்படுத்தியதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை 2016 டிசம்பரில் வெளியிட்ட விதி, பொது வீட்டுவசதிக் குடியிருப்புகளில் வீட்டின் உட்புறம், உள்ளரங்கப் பொது இடங்கள், கட்டடத்தைச் சுற்றி 25 அடி ஆகியவற்றில் எரியும் புகையிலையைத் தடைசெய்து, 2018 ஜூலை இறுதிக்குள் அத்தடையை நடைமுறைப்படுத்தக் கோரியது. அது குற்றச்சட்டமாக வராமல் வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வந்தது. புகைப்பவர் அங்குக் குடியிருக்கக் கூடாது என்றும் அது கூறவில்லை. மின்சிகரெட்டை அவ்விதி தன் தடைக்குள் கொண்டுவரவில்லை. சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வாங்குவது, பயன்படுத்துவது, வைத்திருப்பது ஆகிய மூன்றும் குற்றங்களே என்பதால், வீட்டுச் சன்னலருகே அதைப் பிடிப்பவர் சட்டத்தை மீறுகிறார்; அதே சன்னலருகே சிகரெட் பிடிப்பவர் மீறுவதில்லை.