அத்திப்பள்ளியைத் தாண்டும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளுமாக ஆறு பேர் கிளம்புகிறீர்களாம். முதலில் பெங்களூரு, அப்புறம் டெல்லி. கல்லூரி கல்லூரியாகப் போய், 2009-ல் ஈழப்போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் நடந்ததைச் சொல்லப் போகிறீர்களாம். உன் அப்பா போனில் பதறினான். "படிக்கிற பிள்ளைக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?" என்றான். போகட்டும் என்பதுதான் பெரியப்பாவின் பதில். ஆனால் உங்களுக்கு முன்னால் போனவர்களின் கதை தெரிந்து போக வேண்டும்.

2013 மார்ச் 8-ல் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். இலங்கையின் போர்க்குற்றங்களுக்கு சர்வதேச விசாரணை வேண்டும், ஈழத்தமிழரிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றார்கள். போலீஸ் நள்ளிரவில் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. அடக்கிவிட்டோம் என்று அவர்கள் நினைத்த போராட்டம், அடுத்த நாளே ஊர் ஊராகக் கிளம்பியது. ஒரு வாரத்தில் மாநிலம் முழுக்கக் கல்லூரிகளுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டார்கள். 19-ல் திமுக மத்திய அரசிலிருந்து விலகியது. 21-ல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு ஆதரவு 25, எதிர்ப்பு 13, நடுநிலை 8. இந்தியா ஆதரித்தது. 27-ல் பொதுவாக்கெடுப்பு கேட்டுத் தமிழகச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது.

அந்த மார்ச்சில் ஓசூர் பஸ் ஸ்டாண்டிலும் பிள்ளைகள் நோட்டீஸ் கொடுத்தார்கள். எல்லாம் தமிழில். பெங்களூரு பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டார்கள். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும், "ஏமாயிந்தி நாயனா?" என்று கேட்டாள். ஒரு பையன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் போலிருக்கிறது. கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நோட்டீசைச் சட்டைப் பையில் செருகிவிட்டு, அப்போது பத்திரிகைகளில் வந்திருந்த அந்தப் படத்தைக் காட்டினான். விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் பதுங்குகுழியில் உட்கார்ந்து ஏதோ தின்கிற படம். அதற்கடுத்த படத்தில் அவன் மார்பில் குண்டுக் காயங்களோடு கிடக்கிறான். பாட்டி இரண்டாவது படத்தைப் பார்க்கவில்லை. முதல் படத்தின் மேல் விரலை வைத்து, இவன் அம்மா எங்கே என்று கேட்டாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் அந்தப் பையன் அவளோடு பேசிக்கொண்டிருந்தான்.

அன்று அந்த ஊரில் சரியாக வேலை செய்தவன் அவன்தான்.

ஓசூரிலிருந்து, கர்நாடக எல்லை செக்போஸ்ட் இருக்கிற அத்திப்பள்ளி பத்து கிலோமீட்டர்கூட இல்லை. தமிழ்நாட்டையே உலுக்கிய அந்தப் போராட்டம் அந்த செக்போஸ்ட்டைத் தாண்டி அதே வேகத்தில் போகவில்லை. காவிரி என்றாலே முறுக்கிக்கொள்கிற எல்லை இது. அங்கே போய்த் தமிழில் முழக்கம் போட்டால், இன்னொரு மொழிச் சண்டை என்றுதான் காதில் விழும். அதையே கன்னடத்தில் சொன்னால் செத்துப்போன குழந்தையைப் பற்றிய பேச்சாகக் கேட்கும்.

இதைத் திபெத்தியப் பிள்ளைகளிடம் கற்றுக்கொள்ளலாம். மைசூர் பக்கம் பைலகுப்பேயிலும் கொள்ளேகால் பக்கம் ஒடையார்பாளையாவிலும் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. டென்சின் சுண்டு என்ற திபெத்திய எழுத்தாளர் படித்ததும் லயோலாவில்தான். 2005 ஏப்ரலில் சீனப் பிரதமர் வென் சியாபாவ் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தபோது, அங்குள்ள கோபுரத்தில் ஏறித் திபெத்துக்கு விடுதலை கேட்டுப் பதாகை விரித்தவர். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்குச் சீன அதிபர் ஷி ஜின்பிங் வருவதற்கு முன்பே அவரை விழுப்புரம் மாவட்டத்தில் கைது செய்தார்கள். சென்னையில் படித்த திபெத்திய மாணவர்களையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். அரசின் தயவில் தங்கியிருக்கிறவர்கள் அவர்கள். இழப்பதற்கு நம்மைவிட அதிகம் இருந்தும், போகிற ஊரின் மொழியில் பேசி ஆதரவு திரட்டுகிறார்கள்.

மொழிக்கு அடுத்தது ஆதாரம். போர் முடிந்த பத்தே நாளில், 2009 மே 27 அன்று, இதே மனித உரிமைகள் கவுன்சில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை 29-க்கு 12 என்று நிறைவேற்றியது. அன்று இந்தியாவும் இலங்கையின் பக்கம். 2012-ல் நிலைமை தலைகீழானது. இடையில் 2011-ல் ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை வந்தது. கடைசிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்றது அது. அதே ஆண்டு ஜூனில் சேனல் 4 ஆவணப்படம் வந்தது. நிர்வாணமாக்கிக் கண்ணைக் கட்டிச் சுட்டதை உலகம் பார்த்தது. தெருவில் கூடிய கூட்டத்துக்குப் பலம் சேர்த்தவை இந்த ஆவணங்கள். ஆகவே மேடையில் சொல்கிற எண் எந்த அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்று பொய் என்று எதிராளி காட்டிவிட்டால், மெய்யான நூறு படங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். 2014-ல் அதே கவுன்சில் வாக்கெடுப்பில் இந்தியா நடுநிலை வகித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் ஆறு பேரில் ஒருத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து படிக்க வருகிறவள் என்றாயே, அவளைப் பற்றித்தான் பெரியப்பாவுக்குக் கவலை. 2021-ல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றினார்கள். முகாமில் இருப்பவர்களைக் கணக்கெடுப்பது நிற்கவில்லை. அவள் சொந்தக்காரர்கள் இன்னும் இலங்கையில் இருப்பார்கள். அவளாக விரும்பாமல் மேடையேற்றாதீர்கள், போட்டோ போடாதீர்கள். அவள் கதையை அவளைக் கேட்காமல் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

டெல்லியில் எவனாவது ஒருவன் எழுந்து, உங்கள் ஊரில் என்ன வாழ்கிறது என்று கேட்பான். கேட்கட்டும். 2018 நவம்பரில் ஓசூர் பக்கத்துச் சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த இளம் தம்பதியைச் சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காகக் கொன்றார்கள். உடல்கள் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்துக் காவிரியில் கிடைத்தன. கொன்றவர்கள் பெண்ணின் சொந்தங்கள் என்பதுதான் வழக்கு. இதைச் சொல்லத் தயங்குகிறவன் முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசினால் கேட்கிறவனுக்கு நம்பிக்கை வராது. நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 2009 ஜனவரி 29-ல் சென்னை சாஸ்திரி பவன் வாசலில், ஈழத்தில் போரை நிறுத்தக் கேட்டு, முத்துக்குமார் என்ற பத்திரிகையாளர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்தாறு. அவரை மதிக்கிறவர்கள்கூட, அந்தப் பிள்ளை இருந்து இன்னும் எழுதியிருக்கலாமே என்றுதான் தவிக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் யாராவது உயிரைக் கொடுப்பேன் என்று பேசினால் வீரமென்று கைதட்டாதீர்கள். அவன் பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், அவன் வீட்டுக்குச் சொல்லுங்கள். போலீஸ் பிடித்தால் அழைக்க ஒரு வக்கீலின் நம்பரைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னட நோட்டீசின் வரைவைச் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வா. பெரியம்மா ஆனேக்கல்லில் பள்ளிக்கூடம் படித்தவள். பிழை பார்த்துக் கொடுப்பாள். பஸ் கட்டணத்துக்கும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறாள், உன் அப்பாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
பெரியப்பா