வெற்றுக் கோதும் வாய்ப்பேச்சும்

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தேயிலை மலை முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடும். லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் வற்றாளையையும் ஒரே இரவில் பன்றி உழுதுபோட்டால், மறுநாள் பேச்செல்லாம் துவக்கைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப அடிபடும் நான்கு நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: வெடித்த கோது கிடைத்தால் போதும், வீட்டிலேயே தோட்டா கட்டிவிடலாம்.

உண்மை: 12 போர் தோட்டாவின் வெற்றுக் கோது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பித்தளை அடியின் நடுவில் ஒரு சிறு குழி தெரியும். ஊசி குத்திய தழும்பு அது. அங்கிருந்த கேப் செத்துவிட்டது, மருந்து எரிந்துவிட்டது, ரவை போய்விட்டது. மிச்சம் இருப்பது வாய் விரிந்த குழாய்தான். அமெரிக்காவில் தோட்டாவை மறுபடி நிரப்புவது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. 1958இல் அறிமுகமான லீ லோடர் கைக்கருவி அங்கே பிரபலம். ஆனாலும் மருந்தின் அளவை அங்கே கிரெய்ன் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கிராமுக்குள் 15 கிரெய்னுக்கு மேல் அடங்கும். அழுத்தம் அளந்து அச்சிட்ட அட்டவணை இல்லாமல் விவரம் தெரிந்தவர் யாரும் தொடுவதில்லை. கைக்கருவி எளிதானது, கணக்கு எளிதானதல்ல.

நம்பிக்கை 2: கறுப்பாக இருந்தால் எல்லாம் ஒரே மருந்துதான்.

உண்மை: 1884இல் பிரான்சில் போல் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கினார். கரிமருந்தைவிட அது பல மடங்கு வலுவானது. கரிமருந்துக்கென்று செய்த பழைய குழலில் அதைப் போட்டால் குழல் பிளக்கும். சுடுபவரின் விரலும் கண்ணும்தான் முதலில் போகும்.

நம்பிக்கை 3: அந்தக் காலத்துத் துரைமார் பங்களாவிலேயே தோட்டா கட்டித்தான் யானை சுட்டார்கள்.

உண்மை: 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், தன் இலங்கை வேட்டை நூலை 1850களில் வெளியிட்டார். அவர் காலத்துத் துவக்குகள் வாய்வழியே மருந்து போட்டு இடிப்பவை. கோதுத் தோட்டாவே அப்போது வேட்டைக்காரர் கையில் பரவலாக இல்லை. திரும்ப நிரப்ப என்ன இருந்தது?

நம்பிக்கை 4: பன்றிக்குக் கட்டிய துவக்கு பன்றியைத்தான் சுடும்.

உண்மை: குறுக்கே கட்டிய கம்பியைத் தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குக்குக் கண் கிடையாது. கம்பியைத் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போகும் பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. தாழக் கட்டுவதால் பெரும்பாலும் காலில்தான் அடி விழும். கம்பிச் சுருக்கும் இதே ரகம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய அரிய கருஞ்சிறுத்தை, சில நாட்களில் உடவளவையில் செத்துப்போனது.

இலங்கைச் சட்டமும் இதில் தெளிவு. 1916இன் 33ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். வெடிமருந்துக்கு 1956இன் 21ஆம் இலக்கச் சட்டம் தனி. துவக்குக்கு அனுமதி எடுத்தவருக்கு மருந்து செய்யவும் அனுமதி கிடைத்துவிடாது.

மலைப் பாதையில் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பி கண்ணில் பட்டால் தொடக் கூடாது, அவிழ்க்கவும் கூடாது. வந்த வழியே திரும்பி, பின்னால் வருபவர்களை நிறுத்திவிட்டு, 119இல் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 1990இல் அம்புலன்ஸ் வரும்.