எதை விடுவது, எதைக் காப்பது

தேக்கா, சிங்கப்பூர்
நவம்பர்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். போன வாரம் பேசும்போது, "அஞ்சு மணிக்கே இருட்டிடுது பெரியப்பா, ஒண்ணுமே செய்யத் தோணல. எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சொன்னாய். அன்றிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறேன்.

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1989 பிப்ரவரியில் பதிவான 19 டிகிரி. ஆண்டு முழுக்க ஏழு மணிவாக்கில்தான் இங்கே பொழுது சாயும். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்துவிட்டு கனடாவின் ஸ்கார்பரோவில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறாய். உடம்பும் மனமும் தடுமாறத்தான் செய்யும். அதைக் குறையென்று எண்ணாதே.

சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்கு நான் அடிக்கடி போவது உனக்குத் தெரியும். கிராஞ்சியில் இறங்கி 925 பேருந்து பிடித்தால், செப்டம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே விருந்தாளிப் பறவைகளைப் பார்க்கலாம். பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. பனி மூடினால் அங்கே புழு பூச்சி கிடைக்காது. அதனால் பிறந்த மண்ணையே விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொள்கிறது. ஆனால் பனி விழுந்த பிறகு அவசரமாகக் கிளம்புவதில்லை. இரை நிறையக் கிடைக்கும்போதே வயிறாரத் தின்று, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டுதான் புறப்படுகிறது. இந்தப் பறவைகளால்தான் குளிர்நாட்டு உயிர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. குளிரைத் தாண்டும் ஒவ்வோர் உயிரும் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் எதையோ காக்கிறது.

உன் பல்கலைக்கழக வாசலில் நிற்கும் மேப்பிள் மரத்தைப் பார். இலைகளை முழுக்க உதிர்த்துவிட்டிருக்கும். உதிர்க்கும் முன்பே இலையில் இருந்த சத்தில் பெரும்பகுதியைக் கிளைக்குள் இழுத்துக்கொண்டது. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளைக் கோடையிலேயே கட்டிச் செதில்களால் மூடி வைத்துவிட்டது. பகல் சுருங்கத் தொடங்கியதுமே மரத்துக்குச் செய்தி கிடைத்துவிடும். இன்னொன்றும் கவனி. ஜனவரியில் நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தால் அந்த மொட்டு ஏமாந்து விரிந்துவிடாது. போதுமான குளிர் நாட்கள் கடந்த பிறகுதான் விழிக்கும். கொடைக்கானலின் பிளம்ஸும் பேரிக்காயும் சமவெளியில் காய்க்காததற்கு இந்தக் குளிர்க் கணக்கும் ஒரு காரணம். குளிரைச் சகித்துக்கொள்வதோடு நிற்காமல், பூப்பதற்கே அதைத் தேவையாக்கிக்கொண்ட மரங்கள் அவை.

நீ இருக்கும் ஒண்டாரியோ மாநிலக் காடுகளில் ஒரு தவளை இருக்கிறது. இலைச்சருகுக்கு அடியில் படுத்தபடியே உறைந்துபோகும். உடம்பின் நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகும். இதயம் நிற்கும், மூச்சும் நிற்கும். ஆனால் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டி உயிரணுக்களை நிறைத்துவிடுவதால், பனிக்கட்டி அவற்றுக்கு வெளியேதான் உருவாகும், உள்ளே நுழையாது. வசந்தத்தில் உருகி எழுந்து துள்ளிப் போகும். இதயத்துடிப்பையே விட்டுக்கொடுத்து உயிரணுவைக் காக்கிறது அது.

உச்சந்தலை கறுத்த சிக்கடிப் பறவை பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். இலையுதிர் காலத்தில் விதைகளை ஒவ்வொன்றாக மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்து வைத்து, குளிரில் தேடி எடுத்துத் தின்னும். கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பத்தை இயல்பைவிடச் சுமார் பத்து டிகிரி தாழ்த்திக்கொள்ளும். அதன் குளிர்காலம் கூட்டத்தோடுதான் கழியும், தனியாக அல்ல. வளை தோண்டி உறங்கும் கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கு தன் இதயத்துடிப்பை நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே இறக்கிவிடும். அப்படி உறங்கும்போதும் அவ்வப்போது உடம்பைச் சூடாக்கி விழித்துவிட்டுத்தான் மறுபடி உறங்குகிறது.

நீ கிளம்பும்போது நாங்கள் என்ன செய்தோம்? உன் அம்மா முஸ்தபா கடையில் அலைந்து ஜாக்கெட்டும் கம்பளியுமாகப் பெட்டியை நிரப்பினாள். மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் அன்பு அது, பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் போர்வையை நாங்கள் தர முடியும். உள்ளே சூட்டை உண்டாக்குவது உன் வேலை. அதற்காகச் சில சொல்கிறேன்.

ஒரே தடித்த உடையைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகளை அடுக்கிப் போடு. இடையில் தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கும். பறவை இறகைச் சிலிர்த்துக்கொள்வதும் அதற்காகத்தான். விரல் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்திருப்பது கதகதப்பு தரும். வகுப்புக்கு நடுவே நேரம் கிடைத்தால் நண்பகலில் வெளியே போய் நட. டிசம்பரில் உனக்கு நாலே முக்கால் வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும், இருக்கிற வெளிச்சத்தை விடாதே.

இந்த நான்கு மாதத்துக்குச் சிலவற்றை உதிர்த்துவிடு. வார இறுதியில் கூடுதலாக எடுத்த அந்த வேலை நேரத்தை விடு, பணத்துக்கு நான் இருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஒரு பாடம் குறைவாக எடுத்தால் குடி முழுகிப்போகாது. கூடப் படிக்கும் பிள்ளைகளோடு உன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதையும் விடு. அவர்கள் அந்தக் குளிரிலேயே வளர்ந்தவர்கள்.

தூக்கத்தையும் சூடான சாப்பாட்டையும் மட்டும் விட்டுவிடாதே. வாரத்தில் ஒருநாளாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடு. ஸ்கார்பரோவில் நம் தமிழ்ச் சனம் நிறைய இருக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளை, ஈழத்துப் பிள்ளை என்று பார்க்காமல் போய்ப் பழகு. ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஃபோன் செய். ஆழ்ந்து உறங்கும் விலங்கே இடையிடையே விழிக்கிறதே, நீ அறைக்குள்ளேயே முடங்கிவிடக் கூடாது.

இத்தனையும் செய்த பிறகும் மனம் கனத்தே கிடந்தால் பல்கலைக்கழக மருத்துவரைப் போய்ப் பார். வெளிச்சம் குறைந்த மாதங்களில் மனச்சோர்வு வருவது மருத்துவர்கள் நன்கறிந்த நோய், சிகிச்சையும் உண்டு. காய்ச்சலுக்குப் போவதுபோல் போய்வா. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இன்று இரவே ஒரு தாள் எடு. இந்தக் குளிர்காலத்தில் எதை விடப் போகிறாய், எதைக் காக்கப் போகிறாய் என்று எழுதிப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பெரியப்பா