நடமாடும் ஒளிக்கோபுரம்

நுழையும்முன்

இருளை அகற்ற ஏற்றும் விளக்கும், கவனம் தவறினால் உயிருக்கு ஊறு செய்யும். பேரிடர்க் காலத்தில் களப்பணியாளர்க்குத் துணைநிற்கும் கருவிகளுள் ஒன்று, டீசலால் இயங்கும் நடமாடும் ஒளிக்கோபுரம். அதனை இயக்கவும் பேணவும் வேண்டிய முறைகளையும் அவற்றின் பின்னுள்ள காரணங்களையும் விளக்குகிறது இப்பாடம்.

புயலுக்குப் பின் வந்த இருள்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தது கஜா புயல். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைச் சிதைத்த அப்புயல், உள்நாட்டுப் பகுதியான புதுக்கோட்டை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தஞ்சாவூர் – புதுக்கோட்டைச் சாலையில் அமைந்த கந்தர்வக்கோட்டை வட்டாரமும் அதன் சீற்றத்திற்கு ஆளாயிற்று. பல்லாண்டுகள் பேணி வளர்த்த தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் மூழ்கின.

பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்பணியாளர்கள் திரண்டு வந்தனர். மின்சாரத்தை மீட்க வந்தவர்க்கே வெளிச்சம் தேவைப்படும் நிலை அது. இத்தகைய இரவுகளுக்கெனவே உருவானது நடமாடும் ஒளிக்கோபுரம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் கலங்கரை விளக்கம் ஓரிடத்தில் நின்று கலங்களை அழைத்தது. இக்கால ஒளிக்கோபுரமோ தேவைப்படும் இடத்தை நாடிச் செல்கிறது.

அமைப்பும் இடத்தேர்வும்

இக்கருவி நான்கு பகுதிகளைக் கொண்டது: டீசல் என்ஜின், அதனால் சுழலும் மின்னியற்றி (ஜெனரேட்டர்), ஒன்றனுள் ஒன்று அடங்கும் குழாய்களால் ஆகிய உயர்கம்பம், அதன் உச்சியில் விளக்குகள். இவையனைத்தும் சக்கரங்கள் பொருத்திய வண்டியின்மேல் அமைந்திருக்கும்.

மழையில் ஊறிய செம்மண் தரை மேலே உலர்ந்திருப்பினும் உள்ளே இளகியிருக்கும். எனவே, சமமான உறுதியான தரையிலேயே வண்டியை நிறுத்துதல் வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு புறமும் தாங்குகால்களை நீட்டி, அவற்றின் அடியில் பலகைகளை இட வேண்டும். கம்பம் உயர உயரச் சிறு சாய்வும் பெரும் சாய்வாகும்.

கம்பத்தை உயர்த்துமுன் தலைக்கு மேலே நோக்குதல் கட்டாயம். மின்கம்பியோ மரக்கிளையோ அருகிலிருப்பின் இடத்தை மாற்ற வேண்டும். "மின்சாரம்தான் இல்லையே" என்ற எண்ணம் கூடாது. அறுந்த கம்பியிலும் எந்நேரமும் மின்சாரம் வரலாம். பலத்த காற்று வீசத் தொடங்கினால் கம்பத்தை உடனே இறக்கிவிட வேண்டும்.

ஒளியின் திசையும் கருதத்தக்கது. கம்பத்தின் மேலிருந்து பணிபுரிபவரின் கண்ணையோ, சாலையில் வரும் ஓட்டுநரின் கண்ணையோ அது கூசச் செய்யலாகாது.

திரும்பிப் பாயும் மின்சாரம்

ஒளிக்கோபுரத்தின் மின்னியற்றியிலிருந்து அருகிலுள்ள வீட்டிற்கும் மின்சாரம் தரலாமே என்று தோன்றுவது இயல்பு. குடிநீர் ஏற்ற மோட்டாரை இயக்க வேண்டியிருக்கும்; கேட்பவரும் நம் ஊரவராகவே இருப்பார். ஆயினும், வீட்டின் மின்னிணைப்பில் மின்னியற்றியை நேரடியாக இணைப்பது பெருந்தீங்கு.

தெருவிலுள்ள மின்மாற்றி, 11,000 வோல்ட் மின்னழுத்தத்தைக் குறைத்து வீடுகளுக்கு வழங்குகிறது. அதே மின்மாற்றி எதிர்த்திசையிலும் செயல்படும். வீட்டிலிருந்து திரும்பிப் பாயும் 230 வோல்ட், மின்மாற்றியைக் கடந்ததும் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது என நம்பிக் கம்பியைத் தொடும் பணியாளர், எங்கோ ஒரு வீட்டில் செய்த பிழையால் உயிரிழக்க நேரும். மின்னியற்றியையும் பொதுமின் வழங்கலையும் ஒருசேர இணைய விடாத மாற்றுச்சாவி, தகுதி பெற்ற மின்பணியாளரால் பொருத்தப்பட்டிருந்தாலன்றி இத்தகைய இணைப்பு கூடவே கூடாது.

ஒளிக்கோபுரத்திற்கும் புவித்தொடுப்பு (எர்த்) இன்றியமையாதது. மின்கசிவு ஏற்படின், மின்சாரம் மனித உடலை நாடாது நிலத்தை அடைய அதுவே வழி.

புகையும் தீயும்

என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினோடு இணைந்து, ஆக்சிஜன் செல்லும் வழியை அது அடைக்கிறது. எனவே, மழைக்கு அஞ்சிக் கருவியைக் கொட்டகைக்குள்ளோ, மக்கள் தங்கியுள்ள முகாமின் சன்னலருகிலோ வைத்து இயக்குதல் ஆகாது.

டீசல் நிரப்புமுன் என்ஜினை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான பாகத்தில் சிந்தும் டீசல் தீப்பற்றக்கூடும். சூடாக உள்ள ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் தெறிக்கும்.

பேணும் முறை

ஒவ்வொரு மாலையும் இயக்குமுன் மசகு எண்ணெய், குளிர்விப்பு நீர், டீசல், பேட்டரி இணைப்பு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். டீசலில் கலந்த நீரை வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து வெளியேற்ற வேண்டும். புழுதி மிகுந்த இடங்களில் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். கம்பத்தை உயர்த்தும் இரும்பு வடத்தில் ஓர் இழை அறுந்திருப்பினும் அதனைப் பயன்படுத்தலாகாது.

என்ஜின் இயங்கிய நேரத்தை மணிமானி காட்டும். 250 மணி நேரத்திற்கு ஒருமுறை மசகு எண்ணெயை மாற்றுக என்று கையேடு கூறுவதாகக் கொள்வோம். இரவுக்குப் பத்து மணி நேரம் இயங்கினால், இருபத்தைந்தே இரவுகளில் அந்த எல்லை வந்துவிடும். பேரிடர்ப் பரபரப்பில் மறக்கப்படுவது இக்கணக்கே.

நிறுத்துவதற்கும் வரிசை உண்டு. முதலில் விளக்குகளை அணைத்து, சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பின்னர் என்ஜினை நிறுத்த வேண்டும். விளக்குகள் ஆறிய பின்னரே கம்பத்தை இறக்க வேண்டும்.

ஒளிக்கோபுரத்தின் அடியில் நிற்பவர், மேலே பணிபுரிபவரின் உயிரைத் தம் கையில் ஏந்தியிருக்கிறார். அவர் முறையாகச் செய்யும் சிறு செயல்களாலேயே, கம்பமேறியவர் விடியலில் வீடு திரும்புகிறார்.

தெரிந்து தெளிவோம்

பெட்ரோல் என்ஜினில் இருப்பதுபோல் டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லை. மிகுதியாக அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றுகிறது. இம்முறையில் இயங்கும் என்ஜினை 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியவர் ருடால்ஃப் டீசல்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் திருவிழாவில் பயன்படும் மின்னியற்றி எவ்விடத்தில் வைக்கப்படுகிறது? அதன் பாதுகாப்புக் குறித்து உரையாடுக.
2. கஜா புயலின்போது உங்கள் குடும்பத்தினரோ உறவினரோ பெற்ற பட்டறிவைக் கேட்டு எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: தாங்குகால்களின் அடியில் பலகை இடுவதன் காரணம் யாது?

சிறுவினா: மின்சாரம் திரும்பிப் பாய்தல் மின்பணியாளரின் உயிருக்கு ஊறாவது எங்ஙனம்?

நெடுவினா: பேரிடர்க் காலத்தில் ஒளிக்கோபுரத்தை இயக்குபவரின் கடமைகளைத் தொகுத்து எழுதுக.