இடிபாட்டுக் கொள்கலனும் வீட்டு முற்றமும்

வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கோருவோர் தரும் மதிப்பீட்டில் சிமென்ட், தரை ஓடு, கூலி ஆகியவை விரிவாக இடம்பெறுகின்றன. இடித்த கழிவை அகற்றும் செலவோ பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அக்கழிவை ஏற்ற வரும் இரும்புக் கொள்கலனோ டிப்பரோ முற்றத்தின் தளத்தை உடைத்துவிட்டால், மதிப்பீட்டில் இல்லாத ஒரு செலவு சேமிப்பிலிருந்து போகும். பெங்களூரு வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அச்செலவைத் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

1. எடையைக் கணக்கிடுதல்

4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 115 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரே ஓர் உட்சுவரை இடிப்பதாகக் கொள்வோம். செங்கற்கட்டின் கன அளவு 1.38 கன மீட்டர். ஒரு கன மீட்டர் செங்கற்கட்டு ஏறத்தாழ 1.9 டன் எடையுள்ளது. இருபுறப் பூச்சையும் சேர்த்தால் அச்சுவர் மூன்று டன்னைத் தாண்டிவிடும். சிறிய கார் ஒன்றின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ஆகவே, பல்லாண்டுகளாகக் கார் நின்ற தளம் என்பதனால் மட்டும் அது கொள்கலனைத் தாங்கும் எனக் கருதலாகாது.

2. எடையும் அழுத்தமும்

தளத்தை உடைப்பது எடை மட்டுமன்று. அவ்வெடை எவ்வளவு சிறிய பரப்பில் இறங்குகிறது என்பதே முதன்மையானது. 6 டன் எடையுள்ள கொள்கலன், 10 சென்டிமீட்டர் சதுரமான நான்கு கால்களில் நின்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 15 கிலோ அழுத்தும். அதே கொள்கலனின் அடியில் 25 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உடைய இரண்டு தடித்த மரப்பலகைகளை இட்டால், சராசரி அழுத்தம் 0.6 கிலோவாகக் குறையும். பலகை மெலிதாயின் வளைந்துவிடும். அப்போது எடை மீண்டும் கால்களின் அடியிலேயே குவியும்.

கொள்கலனை ஏற்றி இறக்கும் நேரமே மிகுந்த இடருடையது. ஒரு முனை உயரும்போது எடையின் பெரும்பகுதி மறுமுனை உருளைகளில் இறங்குகிறது; அவை தளத்தைச் சுரண்டிக்கொண்டும் செல்கின்றன. எனவே பலகைகளை வண்டி வருவதற்கு முன்பே, உருளைகள் ஓடும் திசையில் நீளவாக்கில் இடவேண்டும். ஓடு பதித்த தளமாயின் பலகையின் கீழ்ச் சாக்கு விரித்தல் நலம்.

3. தளத்தின் அடியில் இருப்பது

பெங்களூருவின் பல வீடுகளில் கார் நிற்கும் இடத்தின் கீழேயே தண்ணீர் சம்ப் அமைந்திருக்கும். மேலும், 2009ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால், 30×40 அடி மனைகளில் எழும் புதிய வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. ஆதலால் முற்றத்தின் அடியில் சேமிப்புத் தொட்டியோ கசிவுக்குழியோ இருக்கக்கூடும். வீட்டு வரைபடத்தைப் பார்த்து அவற்றின் எல்லைகளைச் சுண்ணாம்புக் கோட்டால் குறித்து, கொள்கலனும் வண்டிச் சக்கரமும் அக்கோட்டுக்குள் வராதபடி செய்க. சம்ப்பின் மேல் பலகை இடுவது தீர்வாகாது. மேற்பலகை முழு எடையையும் தாங்கியே ஆகவேண்டும்.

இன்டர்லாக் கற்களுக்கான இந்தியத் தரநெறியின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பு (ஐ.எஸ். 15658:2006), வாகனம் செல்லாத நடைவழிக்கு 50 மில்லிமீட்டர் தடிமனையும் இலகு போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் தடிமனையும் குறித்தது. கற்கள் உடையாவிடினும், கீழுள்ள மணற்படுகை அமுங்கினால் தளம் பள்ளமாகும். மழையில் மண் இளகும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இவ்விடர் மிகுதி.

4. நடைபாதை பொதுச்சொத்து

இந்நகரில் பல தெருக்களின் நடைபாதை, மழைநீர் வடிகாலின் மேல் பாவிய கற்பலகைகளேயாகும். பலகை ஒன்று விரிசல் விட்டால், மறுநாள் அதன்மேல் கால் வைப்பவர் வடிகாலுக்குள் விழக்கூடும். கொள்கலனை நடைபாதையில் நிறுத்துதல் கூடாது. 2016இல் நடுவணரசு வெளியிட்ட கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளும், கழிவை வளாகத்துக்குள் வைக்கவோ சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கவோ வேண்டும் என்றும், போக்குவரத்துக்கும் வடிகாலுக்கும் தடையாகக் கொட்டலாகாது என்றும் கூறின. தெருவில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லையாயின், முன்னதாகவே மாநகராட்சியின் இசைவைப் பெறுக. வண்டி நடைபாதையைக் கடக்கவேண்டுமெனில், பெரிய டிப்பருக்கு மாறாகச் சிறு வண்டியில் பல நடைகளாக அனுப்புவது பாதுகாப்பானது.

5. எழுத்தில் பெறவேண்டியவை

முன்பணம் தருவதற்கு முன் நான்கு செய்திகளை எழுத்தில் பெறுக: காலிக் கொள்கலனின் எடை, ஏற்றக்கூடிய உச்ச எடை, பலகை இடும் பொறுப்பு யாருடையது, தளம் சேதமடைந்தால் செலவை ஏற்பவர் யார். கொள்கலன் இறங்கும் முன்னும் அகன்ற பின்னும் தளத்தைத் தேதியுடன் படம் எடுத்து வைக்க. செங்கல், இரும்பு, மரம் ஆகியவற்றைப் பிரித்து விற்றால் எடையும் குறையும். சிறு வருவாயும் கிட்டும்.

பயிற்சி

நீங்கள் இடிக்கவிருக்கும் சுவர்களை அளந்து, மேற்கண்ட முறையில் எடையைக் கணக்கிடுக. அத்துடன் காலிக் கொள்கலனின் எடையைக் கூட்டுக. அத்தொகையை உங்கள் கட்டடப் பொறியாளரிடம் காட்டி, முற்றத்தின் எப்பகுதி அதைத் தாங்கும் எனக் கேட்டறிக. பலகை, கூடுதல் வண்டி நடை ஆகியவற்றுக்கான செலவையும் கடன் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுக.