ஒரு ரூபாய்ப் பாடம்
ஊரடங்குக் காலம் குடும்பங்களுக்குக் கற்பித்தவை

2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் இரவு, நாடு முழுவதும் 21 நாள்களுக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பயணிகள் ரயில்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. உள்நாட்டு விமானங்களும் நின்றன. அவை மீண்டும் பறக்கத் தொடங்கியது மே 25-இல்தான். ஊரடங்கோ முதலில் மே 3 வரையிலும், பின்னர் மே 17, மே 31 வரையிலும் நீண்டுகொண்டே சென்றது. 'அடுத்த வாரம் வருகிறேன், அம்மா' என்று சொல்லியிருந்த பல பிள்ளைகளுக்கு அந்த அடுத்த வாரம் வருவதற்குப் பல மாதங்கள் ஆயின.

அந்நாள்களில் நம் வீட்டுத் திண்ணையாக இருந்தது தொலைபேசியே. மகன் புணேயிலும், மகள் டெல்லியிலும், பெற்றோர் சொந்த ஊரிலும் இருந்த குடும்பங்கள் மாலைதோறும் ஒரு நேரம் குறித்துக்கொண்டு காணொளி அழைப்பில் கூடின. மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் மறுஒளிபரப்புச் செய்த 'ராமாயணம்' தொடரை ஆளுக்கொரு நகரத்திலிருந்து பார்த்துவிட்டு, அன்றைய நிகழ்வைப் பற்றித் தாத்தாவும் பேரனும் பேசிக்கொண்டார்கள். உறவைக் காப்பது நெடிய பேச்சன்று, நாள் தவறாத பேச்சே என்பதை அக்காலம் உணர்த்திற்று. அது நாம் கற்ற முதற்பாடம்.

அன்பு ஏற்படுத்திய ஒரு பழக்கம்

இரண்டாவது பாடம் பணம் பற்றியது. அதை நம்மில் பலர் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஊரில் தனியாக இருக்கும் தாய்க்கு மின்கட்டணம் செலுத்த வேண்டும். மருந்து வரவழைக்க வேண்டும். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்ய வேண்டும். வெளியே செல்ல இயலாது. மகன் தன் கணினியில் தாயின் கணக்கைத் திறக்கிறான். 'அம்மா, உங்கள் கைப்பேசிக்கு ஆறு எண்கள் வரும். அவற்றைப் படியுங்கள்' என்கிறான். தாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படிக்கிறார். வேலை முடிகிறது. இருவருக்கும் மகிழ்ச்சி.

மகன் செய்தது அன்பினால்தான். ஆனால் மாதத்திற்கு நான்கைந்து முறை இது நிகழும்போது, தாயின் மனத்தில் ஒரு பழக்கம் வேரூன்றுகிறது: தொலைபேசியில் ஒருவர் கேட்டால் வந்த எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். ஊரடங்கு முடிந்தது, பழக்கம் முடியவில்லை. ஒருநாள் வேறொரு குரல், 'வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு இன்று மாலை முடக்கப்படும்' என்று பணிவாகச் சொல்லி அதே ஆறு எண்களைக் கேட்கிறது. தாய் பதற்றத்தோடு மீண்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

முதியவர்கள் ஏமாறுவது அறியாமையால் மட்டுமன்று. நாமே அவர்களை அதற்குப் பழக்கிவிட்டதாலும்தான்.

இதில் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகள் கவனிக்கத்தக்கவை. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறில்லாத நிலையில் பணம் களவுபோனால், வங்கியின் அறிவிப்புக் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஆனால் கடவுச்சொல்லைத் தாமே பிறரிடம் பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் வாடிக்கையாளரையே சாரும்.

செய்து கொடுப்பதா, கற்றுக் கொடுப்பதா?

தொலைவிலிருந்து உதவுவோர் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

ஒன்று: பெற்றோரின் பரிவர்த்தனையை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். காணொளி அழைப்பில் உடனிருந்து வழிகாட்டுங்கள். எண்ணை மட்டும் கேட்காதீர்கள். முதற்பயிற்சியாக உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு ரூபாய் வந்து சேரும்போது தாயின் முகத்தில் தோன்றும் நிறைவு, நீங்கள் அவருக்காகச் செலுத்திய நூறு கட்டணங்களிலும் தோன்றியிராது.

இரண்டு: யுபிஐ ரகசிய எண் பணம் அனுப்புவதற்கும் இருப்பை அறிவதற்குமே தேவை, பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி, நாள்காட்டிக்கு அருகே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மூன்று: ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யுபிஐ செயலியோடு இணைக்க வேண்டா. மாதச் செலவுக்கு மட்டும் ஒரு சிறு கணக்கு வைத்து, அதனை இணைப்பது நலம்.

நான்கு: பிள்ளைகளே கணக்கை இயக்குவதானால் அதற்கு முறையான வழிகள் உண்டு. கூட்டுக் கணக்காக மாற்றலாம். அல்லது வங்கிக் கிளையில் அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். ரகசிய எண்ணைப் பகிர்வது அவற்றுக்கு மாற்றாகாது.

ஐந்து: ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் 1930 என்ற எண்ணையும் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். 'மகன் திட்டுவானே' என்று தயங்கி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் களவாடியவனுக்கே ஆதாயம். ஆகவே, 'என்ன நேர்ந்தாலும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். முதலில் என்னிடம் சொல்லுங்கள்' என்று பெற்றோருக்கு இன்றே வாக்குக் கொடுங்கள். எந்தக் கடவுச்சொல்லையும் விட இந்த வாக்கு வலிமையானது.

எழுதி வைக்க வேண்டியவை

2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலை இதனினும் கடினமான ஒன்றைக் கற்பித்தது. குடும்பத் தலைவர் மருத்துவமனையில் தனிமைப்படுத்தப்பட்டார், கைப்பேசி அவரிடம், கணக்கு விவரமும் அவர் நினைவில் மட்டுமே. எந்த வங்கியில் எவ்வளவு வைப்புத்தொகை, எந்தக் காப்பீட்டுக்கு எப்போது தவணை என்பதை மனைவியோ மக்களோ அறிந்திராத வீடுகள் துயரத்தின் நடுவே தாள்களைத் தேடி அலைந்தன.

நாள்தோறும் பேசிய குடும்பங்களிலும் இந்தப் பேச்சு மட்டும் எழாமற்போனது ஏன்? மரணத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்னும் தயக்கமே காரணம். ஆனால் கணக்கு விவரம் எழுதி வைப்பது இறப்புக்கான ஆயத்தமன்று. இருப்பவர்மீது காட்டும் பரிவு.

வங்கிக் கணக்குகள், வைப்புத்தொகை, காப்பீடு, கடன்கள், பாதுகாப்புப் பெட்டகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டா. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவர். ஆயினும் சட்டப்படியான வாரிசுகளின் சார்பிலேயே அதனைப் பெறுகிறார் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதியத்திற்கு மாற்றப்படும். அதன் பின்னும் உரியவர் அதனைக் கோரலாம். ஆனால் அப்படி ஒரு தொகை இருப்பதை அறிந்தவர்தானே கோர முடியும்?

கிளைக்கு வர இயலாத முதியோருக்கும் வழியுண்டு. 70 வயதைக் கடந்தோருக்கு அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றினை ஜீவன் பிரமாண் வழியே மின்னணு முறையில் அளிக்கலாம். அதில் முகத்தைக் காட்டியே உறுதிசெய்யும் வசதியும் 2021 முதல் உள்ளது.

இவ்வாரப் பயிற்சி

வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோரை அழையுங்கள். முதலில் நலம் விசாரியுங்கள். உண்டது, உறங்கியது, தோட்டத்து முருங்கை காய்த்தது எல்லாம் பேசுங்கள். பின்னர் மூன்றே மூன்று செய்யுங்கள்: ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள், நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள், இனி எந்த எண்ணையும் உங்களிடம்கூடப் படித்துச் சொல்ல வேண்டா என்று கூறுங்கள்.

அடுத்த முறை நீங்களே மறந்து கேட்டுவிட்டாலும், 'எண்ணைச் சொல்ல மாட்டேன், தம்பி' என்று தாய் மறுத்துவிடுவாரானால், வருந்தாதீர்கள். நீங்கள் கற்பித்த பாடத்தில் அவர் தேறிவிட்டார்.