பீர் கிட்டா, கூழ்ப்பானையா?

யூடியூப்ல ஹோம் ப்ரூயிங் வீடியோ பார்த்துட்டு, 19 லிட்டர் ஃபெர்மென்ட்டர் ஒண்ணை ஆன்லைன் கார்ட்ல போட்டு வச்சிருக்கீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, தமிழ்நாட்டுல வீட்டுல பீர் காய்ச்சுறது குற்றம். "விற்கல, நாங்க குடிக்கத்தான்" என்று சொன்னாலும் குற்றம்தான். மது தயாரிக்கிறதுக்காகக் கருவியோ பாத்திரமோ வச்சிருந்தாலே அந்தச் சட்டம் பிடிக்கும். அதனால கிட் வாங்குறதே வம்பு. பிளேஸ்மென்ட் வர்ற வருஷத்துல ஒரு எஃப்.ஐ.ஆர். யாருக்கு வேணும்? அமெரிக்காவுல 1978-லேயே இதுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்துட்டாங்க. எம்.எஸ். போறவங்க அங்க போய் ஆசையைத் தீர்த்துக்கோங்க.

ஆனா அந்த கிட்டுக்குப் பின்னாடி இருக்குற இன்ஜினியரிங்கைக் கத்துக்க எங்கேயும் போக வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வளர்ந்தவங்களுக்கு அது பாட்டி வீட்டு அடுப்படியிலேயே இருக்கு: கம்மங்கூழ்ப் பானை. பீரும் கூழும் நொதிக்கிற பண்டங்கள்தான். பீர்ல ஈஸ்ட் ஜெயிக்கணும், கூழ்ல லாக்டிக் அமில பாக்டீரியா ஜெயிக்கணும். எந்த உயிரி ஜெயிக்கணும்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த பாத்திரத்தைத் தேடுறதுதான் கருவி தேர்வு.

இதுக்கு நம்ம ஊர் உதாரணம் பனையேறியோட கலயம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவினா காரத்தன்மை ஏறி ஈஸ்ட்டால வளர முடியாது, பதநீர் கிடைக்கும். தடவலன்னா சில மணி நேரத்துல கள்ளு. 1987-ல இருந்து இங்க கள்ளுக்குத் தடை. ஆக, ஒரு விரல் சுண்ணாம்புதான் கருப்பட்டிக்கும் கேஸுக்கும் நடுவுல நிக்குது!

இப்ப வெப்பநிலைக்கு வருவோம். ஏல் வகை பீர் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேணும். லாகருக்கு 10 டிகிரியை ஒட்டி. சித்திரை மாசம் நம்ம கரிசல் காட்டுல 38 டிகிரி அடிக்குது. அந்தச் சூட்டுல ஈஸ்ட் வேலை செய்யும், ஆனா ருசி கெட்டு, நெடி ஏறிடும். அதனால இங்க பீர் கிட்டுன்னா கூடவே ஒரு ஃபிரிட்ஜும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வாங்கணும்.

மண்பானைக்கு அந்தச் செலவு இல்ல. மெக்கானிக்கல் பசங்க சைக்ரோமெட்ரிக் சார்ட்டை எடுங்க. 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் போட்டா வெட் பல்ப் வெப்பநிலை சுமார் 24 டிகிரி வரும். பானை அந்த அளவுக்கு முழுசா இறங்காது. ஆனா காத்தோட்டமான நிழல்ல, ஈர மணல் மேல வச்சா வெளிச்சூட்டை விட நல்லாவே இறங்கும். கூழ்ல வளர்ற பாக்டீரியாவுக்கு 30 டிகிரி பக்கம் சுகமான சூடு. கடலோரமா, 35 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்குற இடத்துல இதே பானையை வச்சா வெட் பல்ப்பே 30 டிகிரி. ஈரக் காத்துல பானை தோத்துடும், நம்ம வறண்ட காத்துதான் அதுக்கு பலம்.

பானை வாங்கும்போது உள்ளே பளபளன்னு பூச்சு இருக்கான்னு பாருங்க, இருந்தா வேண்டாம். சில பூச்சுல ஈயம் கலந்திருக்கலாம், புளிப்பு அதைக் கரைச்சு எடுத்துடும். தட்டினா கணீர்னு கேக்கணும். புதுப் பானையை ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறவச்சு, அப்புறம் அரிசி கழுவின தண்ணியை ஊத்திக் கொதிக்க வச்சுப் பழக்குங்க. சோப்பு போடவே கூடாது, நுண்துளை எல்லாம் அதைக் குடிச்சுக்கும். பீர் வீடியோவுல சானிடைசர் பத்தியே பாதி நேரம் பேசுவாங்க. நம்ம பானையில துளைக்குள்ள தங்குற பழைய புளிப்புதான் அடுத்த கூழுக்கு உறை.

ஹாஸ்டல்ல இருக்கீங்கன்னா எவர்சில்வர் தூக்கு போதும், சுத்தி ஈரத்துணி கட்டுங்க. அலுமினியமும் பித்தளையும் புளிச்ச மாவுக்கு ஆகாது. பெயின்ட் வாளியை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

மூடிக்கு, பீர்ல ஏர்லாக் கட்டாயம். கார்பன் டை ஆக்சைடு வெளியே போகணும், காத்து உள்ளே வரக்கூடாது. கூழ் ஒரு ராத்திரி வேலைங்கிறதால வெள்ளைத் துணியால வேடு கட்டினா போதும். திருகு மூடி போட்டு இறுக்காதீங்க, அழுத்தம் ஏறும். பானையிலயும் மூணுல ஒரு பங்கு காலியா விடுங்க. 250 கிராம் கம்பு மாவை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சா 3 லிட்டர் பானை சரியா இருக்கும். ராத்திரி கரைச்சு வச்ச மாவை, காலையில நொய்யைத் தனியா வேகவச்சு அதுல ஊத்திக் கிண்டணும். இறக்கி ஆறவச்சு, இன்னொரு ராத்திரி புளிக்கவிட்டு மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்கணும். உப்புத் தண்ணி போர் வேண்டாம். குளோரின் வாடை அடிக்கிற குழாய்த் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிடுங்க.

ஹைட்ரோமீட்டர் கூழுக்குத் தேவையில்ல. பீர்ல அடர்த்தி 1.050-ல இருந்து 1.010-க்கு இறங்கினா ஆல்கஹால் 5 சதவீதம் பக்கம்னு கணக்குப் போடத்தான் அது. மெக்கானிக் கடையில கிடைக்கிற பேட்டரி ஹைட்ரோமீட்டர் அதுக்கும் உதவாது, அதோட அளவுகோல் வேற. நீங்க வாங்க வேண்டியது பி.எச். தாள். 1 முதல் 14 வரை காட்டுறதை விட, 3 முதல் 6 வரை காட்டுற குறுகிய வீச்சுத் தாள் நல்லது. காலையில 4.5-க்குக் கீழே இருந்தா புளிப்பு சரி. மேலே பூஞ்சை, வழவழப்பு, அழுகின வாடை இருந்தா தாள் என்ன காட்டினாலும் கொட்டிடுங்க. அப்புறம் பானையில வெந்நீர் ஊத்தி தேங்காய் நாரால தேய்ச்சு, ரெண்டு நாள் வெயில்ல காயவிட்டு எடுங்க.